கடல் சுவரைக் காப்பவர்கள்

வாசகர் கேள்வி – பதில்

(வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளில் 31 ஆண்டுகள் மின்தூக்கிப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதம் நாலைந்து ஃபேன்டசி நாவல்களாவது படித்துவிடுவார். பெரியவர்களுக்கான புதிய மிகுபுனைவு நூல்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இம்மாதமும் அவரே பதில் தருகிறார்.)

கே: அண்ணே, போன இதழில் டிராகன் காதல் கதைகளைப் பற்றிக் கேட்டதற்கு, “எடுத்தேன், பாதியில் வைத்துவிட்டேன்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். வேலை, சமையல், பிள்ளைகள் பாடம் எல்லாம் முடிந்து ராத்திரி 11 மணிக்கு மேல் எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அதில் நான் படிப்பது அந்தப் புத்தகங்களைத்தான். அவற்றில் என்ன குறை கண்டீர்கள்?
– ஒரு வாசகி, செங்காங்

ப: தங்கச்சி, பாதி படித்துவிட்டு முழுசுக்கும் தீர்ப்புச் சொன்னது தப்பு. உங்கள் கடிதம் வந்ததும் ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ (2023) நாவலை மறுபடி எடுத்து, இந்தத் தடவை கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தேன்.

தொடக்கம் அருமை. வயலெட் ஏடுகளைப் படியெடுத்துக் காக்கும் வேலைக்குப் படித்த பெண். தளபதியாக இருக்கும் தாய் அவளை டிராகன் வீரர் பிரிவில் தள்ளிவிடுகிறாள். லேசாக இடித்தாலே மூட்டு நழுவும் உடம்பு அவளுக்கு. முதல் நாளே ஒடுங்கிய கல்பாலம் ஒன்றைக் கடக்க வேண்டும், விழுந்தால் சாவு. வரிசையில் நிற்கும் இன்னொரு பெண்ணின் சப்பாத்து வழுக்கும் என்று வயலெட் பார்க்கிறாள். தன்னுடையதில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவளுடையதில் ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்கிறாள். ஆளுக்கு ஒரு கால் பிடிமானம். நான் உயரத்திலேயே வேலை பார்த்தவன். அடி தேய்ந்த சப்பாத்தோடு மோட்டார் அறை ஏணியில் ஏறாதே என்பதுதான் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குச் சொன்ன முதல் பாடம். அந்த இரண்டு பக்கங்களை மூன்று தடவை படித்தேன்.

என் குறை இதுதான்: அந்தச் சப்பாத்து மாதிரி இடங்கள் போகப்போகக் குறைந்துவிடுகின்றன. காதல் வருவதில் எனக்கு ஒன்றும் இல்லை. காதல் சூடுபிடித்ததும் கோட்டை, சமையல்கட்டு, டிராகனுக்குத் தீனி போடும் ஆள், எல்லாம் மங்கிப் போகின்றன. மூன்றாம் பாகமான ‘ஓனிக்ஸ் ஸ்டோர்ம்’ 2025 ஜனவரியில் வெளிவந்து முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. உங்களைப் போல இரவில் ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிப்பவர்கள் அத்தனை பேர். அடுத்த பாகம் வந்தால் கடைசி வரை படித்துவிட்டுத்தான் வாய் திறப்பேன்.

கே: என் மகளுக்கு 14 வயது. மேலே சொன்ன வரிசையை வகுப்பில் எல்லாரும் படிக்கிறார்கள் என்கிறாள். வாங்கித் தரலாமா?
– ஒரு தாயார், ஈசூன்

ப: இப்போதைக்கு வேண்டாம். அட்டையில் டிராகன் இருப்பதால் பிள்ளைகள் புத்தகம் என்று நினைத்துவிடுகிறோம். பெரியவர்களுக்கென்றே எழுதி வெளியிட்டது அது. படுக்கையறைக் காட்சிகள் விரிவாகவே வரும். வீட்டில் ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் பிடுங்கி ஒளித்துவைக்காதீர்கள். நீங்களும் படியுங்கள். பிறகு இரண்டு பேரும் பேசுங்கள்.

கே: எனக்கு 70 வயது. கண்ணுக்கு இனி நிறையப் படிக்க முடியாது. அண்மையில் வந்தவற்றில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள், போதும்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தோ பாயோ

ப: ஐயா, ராபர்ட் ஜாக்சன் பென்னட் எழுதிய ‘த டெய்ன்டெட் கப்’. 2024-இல் வந்தது, 2025-இல் சிறந்த நாவலுக்கான ஹியூகோ விருது பெற்றது. அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டசிக்கும் தரும் விருது அது.

அந்த நாட்டில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் கடலிலிருந்து மலை மலையாக விலங்குகள் கரையேற வரும். அவற்றைத் தடுக்கப் பேரரசு வளையம் வளையமாகச் சுவர் எழுப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வரிப்பணம், படை, படிப்பு எல்லாமே கடைசியில் கடல் சுவருக்குத்தான். அங்கே ஒரு பொறியாளர் சாகிறார். எப்படி என்றால், அவர் உடம்புக்குள்ளிருந்து ஒரு மரம் முளைத்துப் பீறிட்டு வருகிறது. துப்புத் துலக்குபவள் அனா என்ற மூத்த அதிகாரி. கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு அறையைவிட்டு வெளியே வராதவள். அவளுடைய உதவியாளன் டின் போய்ப் பார்த்து, பார்த்ததை ஒன்று விடாமல் மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்து ஒப்பிக்க வேண்டும். ஒரு சின்னக் குப்பியைத் திறந்து அதன் வாசனையை முகர்ந்துகொண்டே பார்ப்பான். பிறகு அதே குப்பியை முகர்ந்தால் கண்டது கேட்டது எல்லாம் வரிசையாகத் திரும்பி வரும். இவ்வளவு நினைவு உள்ளவனுக்கு எழுத்துகள் மட்டும் கண் முன்னால் ஆடும், படிக்கவே சிரமப்படுவான்.

எனக்கு அந்தக் குப்பி கிரீஸ் டப்பா. மூடியைத் திறந்தால் போதும், மின்தூக்கிகள் 1, 5, 9 மாடிகளில் மட்டும் நின்ற காலத்துப் புளோக்குகள் கண்ணுக்குள் வந்துவிடும். 7-ஆம் மாடிப் பாட்டி 9-இல் இறங்கி, சந்தைக் கூடையோடு இரண்டு மாடி கீழே நடப்பார். மாடிக்கு மாடி நிறுத்தும் மேம்பாட்டுத் திட்டம் 2001-இல் வந்தது.

கம்பி வடத்தை எப்படிச் சோதிப்போம் தெரியுமா, ஐயா? கண்ணுக்கு எல்லா வடமும் நல்ல வடம்தான். பருத்தித் துணியை வடத்தின்மேல் ஓட்டிப் பார்ப்போம். மயிரிழை போல ஒரு கம்பி அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் துணியின் நூல் அதில் சிக்கும். ஓர் இழைதானே என்று விட முடியாது. இந்த நாவலிலும் அப்படித்தான். சில பொறியாளர்கள் அதே மாதிரி செத்துப்போக, சுவரில் உடைப்பு எடுக்கிறது. கொலைகாரன் யார் என்பதைவிட அந்த உடைப்பை யார் அடைக்கப் போகிறார்கள் என்ற பதைப்போடுதான் நான் பக்கங்களைப் புரட்டினேன்.

நாமும் அப்படி ஒரு கரையில்தான் இருக்கிறோம். கடல்மட்ட உயர்விலிருந்து சிங்கப்பூரைக் காக்க நூறாண்டில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ ஆகலாம் என்று 2019 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் சுமார் 800 ஹெக்டர் நிலமீட்புக்கு 2023-இல் திட்டம் அறிவித்தார்கள். அந்த நாவலைப் படித்த வாரம் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நடந்தபோது, அலை வந்து மோதும் கற்களை வேறு கண்ணால் பார்த்தேன். இதுநாள்வரை யார் அடுக்கினார்கள் என்று நினைத்ததே இல்லை.

கே: ‘கடபாசிஸ்’ படித்தீர்களா? நரகத்துக்குப் போகும் கதை நமக்குப் புதிதா என்ன?
– ஒரு வாசகர், கிளமெண்டி

ப: ஆர். எஃப். குவாங்கின் நாவல், 2025 ஆகஸ்டில் வந்தது. கேம்பிரிட்ஜில் மாயவித்தையில் ஆய்வு செய்யும் மாணவி ஆலிஸ். அவளுடைய பேராசிரியர் செத்துப்போகிறார். பரிந்துரைக் கடிதம் எழுத அவர் வேண்டும். அதனால் அவரை மீட்டுவர, போட்டி மாணவனான பீட்டரோடு நரகத்துக்குக் கிளம்புகிறாள். வழிச்செலவு, மிச்சமிருக்கும் ஆயுளில் பாதி.

கிளமெண்டியில் இருப்பவருக்கு ஹா பார் வில்லா பக்கம்தானே. 1937-இல் கட்டிய, சீனப் புராணச் சிலைகள் நிறைந்த தோட்டம். எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா கூட்டிப்போனார். பத்து நரக நீதிமன்றங்களில் ரம்பத்தால் ஓர் ஆளை அறுக்கும் சிலைக்கு முன்னால் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்மையில் பேரனோடு போனபோது பலகையைப் படித்தேன். ஆறாவது நீதிமன்றத்தில் அப்படி அறுப்பது என்னென்ன குற்றங்களுக்குத் தெரியுமா? புத்தகத்தைத் தவறாகப் பயன்படுத்துவதும் அதில் ஒன்று, சோற்றை வீணாக்குவதும் ஒன்று. எட்டாவதில் தேர்வில் ஏமாற்றியவனின் குடலை உருவுகிறார்கள். படிப்பை இவ்வளவு பெரிய காரியமாக நினைத்தவர்கள் கட்டிய நரகம் அது.

குவாங்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறார். அவர் காட்டும் நரகத்தில் செருக்கின் நீதிமன்றம் ஒரு நூலகம். முதல் பாதி கூர்மை. நடுவில் தர்க்கப் புதிர்களை விரித்துக்கொண்டே போகிறார், அங்கே எனக்கு மூச்சு முட்டியது. ஆனால் டின்னைப் போலவே ஆலிசுக்கும் எதுவும் மறக்காது. அவளுக்கு அது வரமாக வாய்க்கவில்லை. ஹா பார் வில்லாவின் பத்தாவது நீதிமன்றத்தில், மறுபிறவிக்குப் போகிறவர்களுக்கு எல்லாவற்றையும் மறக்கடிக்கும் தேநீரை ஒரு மூதாட்டி தருகிறார். நாவலில் மறதியாறு ஒன்று ஓடுகிறது. அதன் கரைக்கு ஆலிஸ் வரும்போது அந்த மூதாட்டியின் கிண்ணம்தான் என் நினைவில் இருந்தது. படியுங்கள். நடுவில் நூறு பக்கம் பொறுத்துக்கொண்டால் போதும்.

கே: எல்லாம் வெள்ளைக்காரன் ஊர், இல்லையென்றால் சீனம். நம் பக்கத்துக் கதையே கிடையாதா?
– ஒரு வாசகர், புக்கிட் பாத்தோக்

ப: இருக்கிறது. கொழும்பில் வாழும் வஜ்ர சந்திரசேகர எழுதிய ‘த செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’, 2023-இல் வந்து, ஹியூகோவைப் போலவே இவ்வகை நூல்களுக்குத் தரும் நெபுலா விருதை வாங்கியது. ஒரு பிள்ளை பிறந்த உடனே தாய் அதன் நிழலைப் பித்தளை ஆணியால் தரையில் அறைந்து பிய்த்தெடுக்கிறாள். தந்தையைக் கொல்வதற்காகவே அவனை வளர்க்கிறாள். தந்தையோ ஊர் வணங்கும் மகான். பிள்ளையின் பெயருக்குத் தளை என்று பொருள். புத்தரின் மகன் இராகுலன் பெயரையும் அப்படித்தான் விளக்குவார்கள். அந்த ஒரு பெயரிலேயே அவர் எதைத் தொடுகிறார் என்று நமக்குப் புரிந்துவிடும்.

பையன் ஓடிப்போய்ச் சேரும் நகரத்தில் சில கதவுகள் மூடியே கிடந்து மாயக் கதவுகளாக மாறிவிடுகின்றன. யாராலும் திறக்க முடியாது. அதே நகரத்தில் இனவாரிப் படிவங்கள், தடுப்பு முகாம்கள், கலவரங்கள். எங்களோடு வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், ஊரில் சோதனைச் சாவடிக்கு முன்னால் தன் பெயரை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வேன் என்பார். முகாம் பகுதியைப் படிக்கும்போது அவர் குரல் காதில் கேட்டது. எளிதான வாசிப்பு இல்லை, இருந்தாலும் நான் சொன்னவற்றில் நமக்கு மிக நெருங்கியது இதுதான்.

அதற்கு முன்னால் ‘மணிமேகலை’யைத் திரும்ப எடுங்கள். பள்ளியில் பத்து வரி படித்ததோடு விட்டிருப்போம். மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கிக்கொண்டு மணிபல்லவத் தீவில் கொண்டுவைக்கிறது. வேற்றுருக் கொள்ள, வானில் பறக்க, பசியைப் போக்க மந்திரங்கள் கிடைக்கின்றன. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி கைக்கு வருகிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு என்ன செய்கிறாள்? யானைத்தீ நோயால் எவ்வளவு தின்றும் பசி அடங்காத காயசண்டிகைக்குச் சோறு போடுகிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கச் செய்கிறாள். மந்திரம் அவளுக்கு அன்றாட வேலை. கடல் சுவரைக் காக்கும் பொறியாளர்களுக்கும் அப்படித்தான். எனக்குப் பிடித்த ஃபேன்டசி எல்லாம் இந்தக் குடும்பம்.

கே: தடிப் புத்தகங்களை எப்படி முடிக்கிறீர்கள்? வாங்கினால் கட்டுப்படியாகுமா?
– ஒரு வாசகர், தெம்பனிஸ்

ப: நான் வாங்குவது குறைவு. நூலகத்தில் 21 நாளுக்கு எடுத்து, தேவைப்பட்டால் நீட்டித்துக்கொள்வேன். கைப்பேசியில் லிபி (Libby) என்ற மின்னூல் செயலியிலும் இரவல் கிடைக்கிறது, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். பிராண்டன் சாண்டர்சனின் ‘விண்ட் அண்ட் ட்ரூத்’ (2024) ஆயிரத்து முந்நூறு பக்கத்துக்கு மேல். அதை இன்னும் முடிக்கவில்லை. அந்த வரிசையின் முதல் நாலு பாகங்களைப் படிக்காமல் அதில் கைவைக்காதீர்கள்.

கே: ஐயா, நான் தேசிய சேவையில் இருக்கிறேன். தமிழில் ஒரு ஃபேன்டசி நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். சிங்கப்பூரில் இன்று வாழும் ஒரு மந்திரவாதி. 40 பக்கம் வந்துவிட்டது, அதற்கு மேல் நகரவில்லை. அவனுக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்று எழுதி எழுதி அடிக்கிறேன்.
– ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்

ப: தம்பி, தமிழில் எழுதுகிறாய் என்றதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சக்தி எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் ஒதுக்கி வை. அவன் எந்தப் புளோக்கில் எத்தனையாவது மாடியில் இருக்கிறான்? காலையில் என்ன வேலைக்குப் போகிறான்? அவன் மந்திரம் ஒரு நாள் வேலை செய்யாவிட்டால் யாருக்கு இடைஞ்சல், யார் கதவைத் தட்டி அவனைக் கூப்பிடுவார்கள்? நள்ளிரவில் மின்தூக்கிக்குள் மாட்டிக்கொண்டு அழுத பிள்ளையோடு, கதவிடுக்கு வழியாக முக்கால் மணி நேரம் நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். மேலே என் கூட்டாளி பிரேக்கைத் தளர்த்திக் கூண்டைக் கையால் நகர்த்திக்கொண்டிருந்தார். உன் ஆளையும் அப்படி ஒரு கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்து. 41-ஆம் பக்கத்தை எழுதிப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பு. நான் படித்துவிட்டுப் பதில் போடுகிறேன்.