விடுதி உணவுத் திட்டம்: கட்டாயமாகக் கட்டும் பணத்தை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி: ஐயா, வணக்கம். என் மகளுக்குச் சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அதன் யூடவுன் வளாகத்தில் உள்ள ரெசிடென்ஷியல் காலேஜ் ஒன்றில் தங்கிப் படிக்க ஆசைப்படுகிறாள். எங்கள் வீடு ஈசூனில். அறை வாடகையோடு உணவுத் திட்டத்துக்கும் ஒவ்வொரு பருவத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டுமாம், வேண்டாம் என்று சொல்ல முடியாதாம். அவளோ காலையில் சாப்பிடுகிற பெண்ணே இல்லை. வெள்ளிக்கிழமையும் புரட்டாசி மாதமும் எங்கள் வீட்டில் சைவம். கணவர் பேருந்து ஓட்டுகிறார், நான் பாலர் பள்ளியில் பகுதி நேரமாக வேலை செய்கிறேன். அடுத்து ஒரு மகனும் படிக்கிறான். என்டியுவில் (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) சேர்ந்த அவள் தோழி அங்கே அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை என்கிறாளாம். இந்தப் பணம் வீண்தானா? மசேநிதியிலிருந்து (மத்திய சேம நிதி) எடுத்துக் கட்டலாமா? திட்டம் போக, அவள் கையில் வாரம் எவ்வளவு கொடுப்பது?

பதில்: அன்புள்ள சகோதரி, மகளுக்கு முதலில் என் வாழ்த்துகள். ஒரு பேருந்து ஓட்டுநர் வீட்டுப் பெண் யூடவுனில் தங்கிப் படிக்கப் போகிறாள் என்பதைப் படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. சரி, கணக்குக்கு வருவோம்.

தோழி சொன்னது உண்மைதான். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக விடுதிகளில் கட்டாய உணவுத் திட்டம் கிடையாது. வளாகம் முழுக்க கேண்டீன்கள் இருக்கின்றன. எங்கே பிடிக்கிறதோ அங்கே சாப்பிட்டு, சாப்பிட்டதற்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். மகள் சேரப்போகும் என்யுஎஸ் (சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகம்) நிலவரம் வேறு. அங்கே யூடவுன் ரெசிடென்ஷியல் காலேஜ்களிலும், ஷியர்ஸ், டெமாசெக், ராஃபிள்ஸ் போன்ற ஹால் எனப்படும் விடுதிகளிலும் உணவுத் திட்டம் தங்குவதோடு சேர்ந்தே வரும். அதே என்யுஎஸ்ஸில் யூடவுன் ரெசிடென்ஸ் போன்ற இடங்களில் தங்குபவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெயர் ஒன்றுபோல இருப்பதால் ரெசிடென்ஸ், ரெசிடென்ஷியல் காலேஜ் இரண்டையும் பல பெற்றோர் குழப்பிக்கொள்கிறார்கள். மகள் விண்ணப்பித்தது எது என்று கடிதத்தை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டாயத் திட்டம் என்றாலும் மூன்று வேளைக்கும் சாப்பாடு கிடைக்காது. வழக்கமாக அதில் அடங்குவது காலை உணவும் இரவு உணவும்தான். மதியம் எங்கே வகுப்போ அங்கே கேண்டீனில் சாப்பிடுவார்கள் என்பதால் அது திட்டத்துக்கு வெளியே. வார இறுதியிலும் சில வேளைகள் விட்டுப்போகும். பொது விடுமுறை, பருவத்தின் நடுவில் வரும் விடுமுறை வாரம் ஆகியவற்றில் விடுதிச் சாப்பாடு இருக்கிறதா என்று அட்டவணையில் பாருங்கள். ஆகஸ்டில் தொடங்கும் பருவத்தில் தீபாவளியும் வரும், அன்றைக்கு அவள் எப்படியும் உங்கள் வீட்டில்தான் இருப்பாள்.

இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம். உங்களிடம் வந்திருக்கும் கட்டண விவரத்தில் உள்ள தொகை வேறாக இருக்கலாம். நான் கணக்குக்கு எளிதாக, ஒரு பருவத்துக்கு 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்கிறேன். வாரத்துக்கு ஆறு காலை, ஆறு இரவு, சாப்பாடு கிடைக்கும் வாரங்கள் 15 என்றால் மொத்தம் 180 வேளை. ஒரு வேளைக்கு ஐந்தரை வெள்ளிதான் ஆகிறது. கட்டண விவரத்தைப் படிக்கும் எவருக்கும் இது நியாயமாகத்தான் தோன்றும்.

ஆனால் உங்கள் மகள் அந்த 180 வேளையும் சாப்பிடப் போவதில்லை. வாரத்துக்கு இரண்டு காலை, நான்கு இரவு என்றால் மொத்தம் 90 வேளைதான். ஒரு வேளைக்கு 11 வெள்ளிக்கு மேல் ஆகிவிட்டது. காலை உணவுக்குப் போனாளா என்பதை விட, இரவு உணவுக்குப் போனாளா என்பதில்தான் பணம் இருக்கிறது. காலையில் ஒரு காயா ரொட்டியும் காப்பியும் வெளியே வாங்கினால் மூன்று வெள்ளிக்குள் முடிகிற காரியம். ஒழுங்கான இரவுச் சாப்பாட்டுக்கு வளாகத்தில் ஆறு வெள்ளியாவது வைத்துக்கொள்ள வேண்டும். அவள் ஆறு நாளும் இரவு அங்கேயே சாப்பிட்டு, காலையில் இரண்டு நாள் மட்டும் போனால், அதே சாப்பாட்டைக் கேண்டீனில் வாங்க ஒரு பருவத்துக்கு ஏறக்குறைய 630 வெள்ளி ஆகியிருக்கும். மீதி 370 வெள்ளியை நான் சாப்பாட்டுக் கணக்கில் எழுத மாட்டேன். அது வாடகை. அந்த இடத்தில் தங்குவதற்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலை அது.

ஆகவே, ‘பணம் வீண்தானா’ என்ற உங்கள் கேள்வியை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: அறை வாடகையோடு இந்த 370ஐயும் சேர்த்துக் கொடுத்து அவள் அங்கே தங்குவது உங்களுக்குச் சம்மதமா?

அந்தக் காலேஜில் அவளுக்கு உண்மையான ஈடுபாடு இருந்தால், என் பதில் ஆம். ரெசிடென்ஷியல் காலேஜ் என்பது வெறும் தங்குமிடம் அல்ல. அங்கேயே சிறு வகுப்புகள் நடக்கும், ஆசிரியர்களும் அதே கட்டடத்தில் தங்குவார்கள், பாடத்திட்டம் இரண்டு ஆண்டுக்கு நீளும். ஒன்றாக உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிடுவதும் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. அவள் ஆசைப்படுவது இதற்காகவா, இல்லை தினமும் ஈசூனிலிருந்து பீஷானில் ரயில் மாறி கென்ட் ரிட்ஜ் வரை போய்வரும் அலைச்சலுக்குப் பயந்தா? அலைச்சல் மட்டும்தான் காரணம் என்றால், உணவுத் திட்டம் இல்லாத தங்குமிடத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு வருமானத்தில் அந்த வித்தியாசம் இரண்டு ஆண்டுக்குச் சேர்ந்தால் பெரிய தொகை. அவள் மனசில் இருப்பதை நீங்கள் கேட்டால்தான் தெரியும். குற்றம் சொல்கிற தொனி இல்லாமல் கேளுங்கள்.

சேர்வது என்று முடிவானால், கட்டிய பிறகு ஒரு வேளைக்கு எவ்வளவு என்று மறுபடி கணக்குப் பார்க்க வேண்டாம். அந்தப் பணம் போயாயிற்று. அதற்குப் பிறகு விடுதியில் சாப்பிடும் ஒவ்வொரு வேளைக்கும் கையிலிருந்து காசு போகாது, வெளியே சாப்பிடும் ஒவ்வொரு வேளைக்கும் போகும். மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் வந்து, வெளியே காசு கொடுத்துச் சாப்பிடுகிற கதையாகிவிடக் கூடாது.

இது எங்கே நடக்கிறது என்று சொல்கிறேன். நடனப் பயிற்சியோ குழு வேலையோ இரவு எட்டரைக்கு முடியும். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனால் நல்ல கறியெல்லாம் தீர்ந்து, காய்ந்துபோன பீஹூனும் (அரிசிச் சேமியா) கொஞ்சம் முட்டைக்கோசும் மிச்சம் இருக்கும். தோழிகள் மாலா சாப்பிடலாம் என்பார்கள். மாலா எடைபோட்டு விற்கிற காரமான சீனச் சாப்பாடு. கிண்ணத்தில் இரண்டு காளான், கொஞ்சம் டோஃபு, ஒரு பிடி கீரை, தாமரைத் தண்டு என்று எடுத்துப் போடும்போது ஒன்றும் தெரியாது, தராசில் வைத்ததும் ஒன்பது வெள்ளி காட்டும். வாரம் இரண்டு தடவை இப்படி என்றால் 15 வாரத்துக்கு 270 வெள்ளி. நண்பர்களோடு போவதை நான் தடுக்கச் சொல்லவில்லை, பல்கலைக்கழக நாட்களில் அதுவும் வேண்டும். அதை முன்கூட்டியே கணக்கில் எழுதி வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். பயிற்சியால் நேரமாகும் மாணவர்களுக்குச் சாப்பாட்டை எடுத்துவைக்கவோ, டப்பாவில் கட்டிக்கொள்ளவோ வழி உண்டா என்று விடுதி அலுவலகத்தில் அவள் முதல் வாரமே கேட்டுவிடட்டும்.

காலை உணவுக்கு ஒரு யோசனை. எழுந்ததும் சாப்பிடப் பிடிக்காதவர்களுக்கும் பத்து மணி வாக்கில் பசிக்கும். அந்த நேரத்தில்தான் கடைக்குப் போய் ஒரு பன்னும் பபிள் டீயும் வாங்கத் தோன்றும். விதி அனுமதித்தால், வகுப்புக்குப் போகும் வழியில் கூடத்துக்குள் நுழைந்து ஒரு அவித்த முட்டையோ வாழைப்பழமோ எடுத்துக்கொண்டு போனால் போதும். அதற்கும் சேர்த்துத்தான் நீங்கள் கட்டியிருக்கிறீர்கள்.

சைவம் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். வளாகச் சாப்பாட்டுக் கூடங்களில் சைவத்துக்கும் ஹலாலுக்கும் தனிக் கவுன்டர்கள் இருப்பது வழக்கம்தான். ஆனால் இங்கே சைவக் கவுன்டர் என்பது பெரும்பாலும் சீனர் சைவம். டோஃபு, சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்த போலி இறைச்சி, பீஹூன், வதக்கிய கீரை இவைதான் அதிகம் இருக்கும். சில பதார்த்தங்களில் முட்டை சேரும். சாம்பாரும் ரசமும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். வாரத்தில் ஒரு நாளைக்கு இது பெரிய விஷயம் இல்லை. புரட்டாசி முழுக்க என்றால் யோசிக்க வேண்டும். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை, பருவம் மும்முரமாக இருக்கிற நேரம் அது. அந்த ஒரு மாதமும் இதையே தின்று அலுத்துப்போய் அவள் தினமும் வெளியே வாங்கினால் பட்ஜெட் தாங்காது. முட்டைக்கு உங்கள் வீட்டில் தடை இல்லை என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. இல்லையென்றால், ஒப்புக்கொள்வதற்கு முன்பே ஒரு வாரப் பட்டியலைக் காட்டும்படி கேளுங்கள். அறையில் ரைஸ் குக்கர் வைத்துச் சமைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள், விடுதி அறைகளில் சமைக்க அனுமதி இல்லை. ஞாயிறு மாலை திரும்பும்போது பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொடுத்தனுப்புங்கள். வெறும் சோறு எந்தக் கவுன்டரிலும் கிடைக்கும்.

அடுத்து மசேநிதி. மசேநிதி கல்விக் கடன் திட்டத்தில் உங்கள் கணவரின் சாதாரணக் கணக்கிலிருந்து எடுக்க முடிவது கல்விக் கட்டணத்துக்கு மட்டும். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அது உதவாது. அதுவும் சும்மா வருகிற பணம் இல்லை. படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு உங்கள் மகள் அதை வட்டியோடு ரொக்கமாகத் திருப்பிக் கட்ட வேண்டும், அந்தப் பணம் கணவரின் கணக்குக்கே திரும்பிச் சேரும். இருந்தாலும் உங்களுக்கு இது மறைமுகமாகக் கைகொடுக்கலாம். கல்விக் கட்டணத்தை மசேநிதியோ, கல்விக் கட்டணக் கடனோ பார்த்துக்கொண்டால், அதற்காக நீங்கள் ஒதுக்கிய ரொக்கம் விடுதிக்கு மிஞ்சும். ஆனால் கணவரின் வயதையும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக் கடன் இன்னும் அதே கணக்கிலிருந்துதான் போகிறதா என்பதையும் பார்க்காமல் அதில் கைவைக்காதீர்கள். வீட்டுக் கடனுக்கு மாதாமாதம் போகிற தொகையைக் கழித்து, ஓராண்டுக்காவது கையிருப்பு நிற்க வேண்டும்.

அதற்கு முன் செய்ய வேண்டியது உதவிநிதிக்கு விண்ணப்பிப்பது. குடும்பத்தின் தலா வருமானத்தை வைத்துக் கல்வி அமைச்சின் உதவிநிதிகள் தரப்படுகின்றன, இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிலும் கேட்டுப் பாருங்கள். நான்கு பேர் இருக்கிற வீட்டில் ஒன்றரைச் சம்பளத்தை நான்கால் வகுத்தால் உங்களுக்குத் தகுதி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நம்மவர்களில் பலர், ‘அதெல்லாம் ரொம்பக் கஷ்டப்படுகிறவர்களுக்கு’ என்று தாங்களாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். தகுதி உண்டா இல்லையா என்பதை அவர்கள் சொல்லட்டும், நீங்கள் படிவத்தை நிரப்புங்கள். ஓர் ஆண்டு கிடைக்காவிட்டாலும் அடுத்த ஆண்டு மறுபடி போடுங்கள்.

கடைசியாக, கையில் கொடுக்கும் காசு. என் கணக்கில் வாரம் 50 வெள்ளி. ஐந்து மதியச் சாப்பாட்டுக்கு 27, 28 வெள்ளி. கேண்டீனில் சோறும் மூன்று கறியும் எடுத்தால் அதற்குள் அடங்கும். காப்பி, தேநீருக்கு ஐந்தாறு வெள்ளி. மீதி 16, 17 வெள்ளி நண்பர்களோடு இரண்டு வேளைக்கு. சனி, ஞாயிறு வீட்டுக்கு வருவாள் என்று வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். பேருந்து, ரயில் செலவும் புத்தகச் செலவும் தனி. இந்தப் பணத்தை மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் போடாமல் ஒவ்வொரு ஞாயிறும் கைப்பேசியிலேயே பணம் அனுப்பும் பேநௌ-வில் அனுப்புங்கள். முதல் முறையாகத் தனியாகக் காசு பார்க்கும் பிள்ளைக்கு 200 வெள்ளி பெரிய தொகையாகத் தெரியும், இரண்டாம் வாரமே கரைந்துவிடும்.

ஒன்று மட்டும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அப்பா எவ்வளவு சிரமப்படுகிறார் என்று தெரிந்த பிள்ளைகள் காசு தீர்ந்துபோனால் கேட்க மாட்டார்கள். மதியம் பட்டினி கிடந்து, இரவு விடுதிச் சாப்பாட்டுக்காகக் காத்திருப்பார்கள், இல்லையென்றால் நூடுல்ஸ் பாக்கெட்டில் ஓட்டுவார்கள். ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்டால் சாப்பிட்டேன் என்றுதான் பதில் வரும். அதனால் ‘இந்த வாரம் எவ்வளவு மிச்சம்?’ என்று கேளுங்கள். புதன்கிழமையே தீர்ந்துவிட்டது என்றால் திட்டாமல் பத்து வெள்ளி அனுப்பிவிட்டு, எதில் போனது என்று ஞாயிறன்று இருவரும் உட்கார்ந்து பாருங்கள். நான்கு வாரம் இப்படிப் பார்த்தால் 50 போதுமா, 60 வேண்டுமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

இடத்தை ஒப்புக்கொள்ள அவளுக்குக் கெடு தேதி கொடுத்திருப்பார்கள். அதற்குள் விடுதி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். எந்தெந்த வேளை, எந்தெந்த வாரம் சாப்பாடு உண்டு, கட்டணத்தில் பொருள் சேவை வரி சேர்ந்திருக்கிறதா, இடையில் விலகினால் உணவுக் கட்டணம் திரும்பி வருமா என்பதையெல்லாம் கேட்கட்டும். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகப் படியுங்கள். திரும்பி வராது என்றால், அவள் முழு மனசோடு சரி என்று சொன்ன பிறகு கையெழுத்துப் போடுங்கள்.