சும்மா உட்கார்ந்திருந்தவர்களின் பள்ளிக்கூடம்

கேள்வி: பாலஸ்தீனத்தில் ரமல்லா என்ற ஊரில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தொடங்கிய பள்ளிக்கூடங்கள் நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கின்றனவாமே? பாதிரியார் இல்லை, பூசை இல்லை, சும்மா உட்கார்ந்திருப்பதுதான் இவர்கள் வழிபாடு என்று படித்தேன். சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கள் கடல் தாண்டிப் போய்ப் பள்ளிக்கூடம் கட்டுவானேன்? மதம் மாற்றத்தானே?
(ஒரு வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: ஒரே கேள்வியில் இரண்டு 'சும்மா' போட்டிருக்கிறீர்கள். முதலில் அதைத் தீர்த்துவிடலாம். மதம், கடல் எல்லாம் அப்புறம்.

தமிழில் 'சும்மா' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. 'சும்மா இந்தப் பக்கம் வந்தேன்' என்று நம் அலுவலகப் படி ஏறுகிறவர் பையில் குறைந்தது நாற்பது கவிதை இருக்கும். 'சும்மாதான் போன் பண்ணினேன்' என்றால் கைமாற்று. 'சும்மா ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வா' என்று அம்மா சொன்னால் அது பெண் பார்க்கும் படலம். துணிக்கடையில் 'சும்மா பாருங்க சார், வாங்கணும்னு இல்ல' என்றவர் சொல்லைக் கேட்டு உள்ளே போன நான், ஒருபோதும் கட்டாத மயில் கழுத்து நிறத்து வேட்டியோடு வெளியே வந்தேன். ஆகவே ஒரு கூட்டம் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்றால் தமிழனுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். உங்கள் மேல் தப்பில்லை.

ஆனால் குவேக்கர் உட்காருவது வேறு வகை. வட்டமாகவோ வரிசையாகவோ உட்கார்ந்து பேசாமல் இருப்பார்கள். உள்ளிருந்து ஏதாவது உந்தினால் ஆணோ பெண்ணோ எழுந்து நின்று இரண்டு வார்த்தை சொல்லலாம். உந்தவில்லையா, ஒரு மணி நேரம் கழித்துக் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். முன்னிலை, தலைமை, வாழ்த்துரை, நன்றியுரை எதுவும் கிடையாது. நாற்பது வருஷமாக நூல் வெளியீட்டு மேடைகளில் உட்கார்ந்து தேய்ந்தவன் நான். இந்த மதத்தில் சேரப் படிவம் உண்டா என்று ஒருகாலத்தில் விசாரித்தே இருக்கிறேன்.

இவர்களுக்கு இன்னொரு பிடிவாதமும் இருந்தது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நீதிபதி முன்னாலும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். மரியாதைப் பன்மையும் கிடையாது. பிரபுவையும் 'நீ' என்பார்கள். அடி வாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள். 1650-ல் டார்பி நகரில் இந்தப் பிரிவைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் ஒரு நீதிபதியைப் பார்த்து, கர்த்தரின் வார்த்தைக்கு முன் நடுங்கு என்று சொல்லப்போக, அவர் பதிலுக்கு இவர்களை 'நடுங்கிகள்' என்று கேலி செய்தார். குவேக்கர் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் நண்பர்கள். ஓட்ஸ் டப்பாவில் தொப்பியோடு சிரிக்கும் தாத்தாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. 1877-ல் ஓர் அமெரிக்க ஆலைக்காரர்கள் நாணயமானவர் முகம் என்று பார்த்து வைத்த வணிகச் சின்னம் அது. டாக்டர் சொன்னார் என்று ஆறு வருஷம் அந்தக் கஞ்சியைக் குடித்தபோது ஏதோ சமாதான இயக்கத்துக்குச் சந்தா கட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, ரமல்லா. பெயரைப் பார்த்து ராமும் அல்லாவும் கூட்டணி வைத்த ஊர் என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் நம்பாதீர்கள். 'ராம்' என்றால் அங்கே உயரம், மேடு. கடவுளின் மேடு, அவ்வளவுதான். 1869-ல் இந்த மேட்டுக்கு ஈலை ஜோன்ஸ், சிபில் ஜோன்ஸ் என்ற குவேக்கர் தம்பதி வந்தார்கள். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் சைனா என்ற ஊர்க்காரர்கள். (பிழைதிருத்துபவர் கவனத்துக்கு: ஊர் பெயரே சைனாதான், அது அமெரிக்காவில் இருக்கிறது, சீனா என்று திருத்தக் கூடாது. போன வருஷம் அமெரிக்காவின் மாஸ்கோவை ரஷ்யாவுக்கு அனுப்பி நமக்கு வந்த கடிதங்கள் இன்னும் மேஜையில் இருக்கின்றன.)

ஊரில் ஓர் இளம்பெண், மிரியம் கரம் என்று பெயர், பெண்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஈலை ஜோன்ஸிடம் கேட்டாளாம். யார் சொல்லிக்கொடுப்பது என்றாராம் அவர். நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்றாளாம். பள்ளியின் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். 'கடல் தாண்டிப் போய் எதற்கு' என்ற உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இதில் இருக்கிறது: கேட்டவள் உள்ளூர்க்காரி. முதலில் சிறுசிறு பகல் பள்ளிகள். 1889-ல் பெண்களுக்கு விடுதிப் பள்ளி. ஆண் பிள்ளைகளுக்கு 1901-ல்தான். பன்னிரண்டு வருஷம் பையன்கள் காத்திருந்தார்கள்! நம் பக்கம் பெண் படிப்பு பற்றிப் பேசும்போதெல்லாம் 'முதலில் பையன் படிக்கட்டும்' என்று தொடங்குகிற பெரியவர்களுக்கு இந்த இரண்டு வருஷத்தையும் எழுதிக் கொடுக்கலாம்.

மதம் மாற்றத்தானே என்கிறீர்கள். மிஷன்தான், பைபிள் பாடம் இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. வந்தவர்களும் குவேக்கர்களில் பைபிளை இறுகப் பிடித்த பிரிவு. ஆனால் அன்றைய ரமல்லா பெரும்பாலும் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் ஊர். கிறிஸ்தவனைக் கிறிஸ்தவனாக்க மேய்னிலிருந்து கப்பல் ஏற வேண்டுமா என்று அவர்களே கேட்டிருப்பார்கள். 1910-ல் இவர்கள் வழிபாட்டுக்காகக் கட்டிய கூடுமிடம் இன்றும் ஊர் நடுவே இருக்கிறது. அதில் உட்காருகிறவர்கள் என்றைக்கும் ஒரு கைப்பிடிதான். பள்ளியில் சேர்கிறவர்களோ கூட்டம் கூட்டமாக. இன்று அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பிள்ளைகள். மதமாற்றம்தான் திட்டம் என்றால் இதைவிடத் தோற்ற திட்டம் வேறில்லை. பள்ளியின் பெயரைக்கூட ஊரார் மொழிபெயர்க்கவில்லை. 'ஃபிரெண்ட்ஸ்' என்பதை அப்படியே அரபியில் தூக்கிப் போட்டு அழைக்கிறார்கள். பஸ்ஸுக்கும் டிக்கெட்டுக்கும் தமிழ்ச் சொல் கேட்டு எனக்கு மாதம் ஒரு கடிதம் போடும் தனித்தமிழ் அன்பர் இதைக் கவனிக்க வேண்டும்.

1927 முதல் 1944 வரை ஆண்கள் பள்ளியை நடத்தியவர் கலீல் தோதா. ரமல்லாவில் பிறந்து, இந்தப் பள்ளியில் படித்து, அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பியவர். பாலஸ்தீன அரசியல் தலைவர் ஹனான் அஷ்ராவி படித்ததும் இங்கேதான், பெண்கள் பள்ளியில். ஆனால் ஆங்கிலம் நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டுப் பெற்றோருக்குத் தெரியும். ரமல்லாவின் பழைய குடும்பங்கள் பாதிக்கு மேல் அமெரிக்கா போய், 1959-ல் அங்கே ஒரு ரமல்லா சம்மேளனமே வைத்துவிட்டன. 2023 நவம்பரில் அமெரிக்காவின் பர்லிங்டன் நகரில், அரபியும் ஆங்கிலமும் கலந்து பேசிக்கொண்டு தெருவில் நடந்துபோன மூன்று பாலஸ்தீன மாணவர்களை ஒருவன் சுட்டான். ஒருவருக்கு முதுகுத்தண்டில் குண்டு. இரண்டு மொழியையும் அவர்கள் ஒன்றாகக் கற்றது இந்தப் பள்ளியில்.

'சும்மா இரு' என்பது கட்டளையாகவும் வரும், இல்லையா? முதல் உலகப் போரில் பள்ளிக் கட்டடங்களைத் துருக்கி ராணுவம் எடுத்துக்கொண்டது. 1948-ல் வகுப்பறைகளிலும் கூடுமிடத்திலும் அகதிகள். 1988 பிப்ரவரியில், முதல் இன்திஃபாதா என்ற பாலஸ்தீன மக்கள் எழுச்சியின்போது, மேற்குக் கரைப் பள்ளிகளை எல்லாம் இஸ்ரேல் ராணுவம் மூடியது. ஆசிரியர்கள் வீட்டுக் கூடங்களில் பாடம் எடுத்தார்கள். அதற்கும் தடை வந்தது. சும்மா உட்காருவதைக் கும்பிடாகச் செய்தவர்களிடம் போய், பிள்ளைகளைச் சும்மா உட்கார வை என்று துப்பாக்கியோடு சொன்னால் கேட்பார்களா? கேட்கவில்லை.

நமக்கும் ஒரு நூலிழைத் தொடர்பு உண்டு. 1928-ல் சென்னை வேப்பேரி பென்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்த மார்ஜரி சைக்ஸ், இங்கே இருந்தபோதுதான் குவேக்கர் ஆனார். பிறகு காந்தியின் ஆதாரக் கல்வி, சேவாகிராமம், பின்னர் கோத்தகிரி. அவரைப் பற்றித் தனியாகக் கேளுங்கள், தனியாக எழுதுகிறேன்.

உங்கள் கேள்வி வந்த வாரம், நம் ஆசிரியர் குழுக் கூட்டத்தைக் குவேக்கர் முறையில் நடத்திப் பார்த்தேன். பத்து நிமிஷம் யாரும் பேசக் கூடாது, உள்ளிருந்து உந்தினால் மட்டும் எழுந்து பேசலாம். மூன்றாவது நிமிஷம் விளம்பரப் பிரிவுக்காரருக்கு போன் உந்தியது. ஆறாவது நிமிஷம் டீ வந்தது. எட்டாவது நிமிஷம் பிழைதிருத்துபவர் எழுந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு அமைதி. எல்லோரும் அவரையே பார்த்தோம்.

"சும்மா ஒண்ணு கேக்கறேன் சார். அந்தச் சைனாவைச் சீனான்னே போட்டுடலாமா?"