60,000 பாயிண்டா, 80,000 மைலா? வெல்கம் போனஸ் கணக்கு

கேள்வி: அடுத்த ஆண்டு குடும்பத்தோடு நான்கு பேர் விமானப் பயணம் போக இருக்கிறோம். ஒரு வங்கியின் டிராவல் கார்டு, மூன்று மாதத்தில் 4,000 செலவழித்தால் 60,000 பாயிண்ட் தருகிறது. ஒரு விமான நிறுவனத்தின் கார்டு, அதே மூன்று மாதத்தில் 6,000 செலவழித்தால் 80,000 மைல் தருகிறது. எங்கள் மாதச் செலவில் கார்டில் போடக்கூடியது 1,100 இருக்கும். எதை வாங்கலாம்? இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடலாமா?

பதில்: வங்கிக் கார்டை வாங்குங்கள், ஆனால் இன்றைக்கே விண்ணப்பிக்க வேண்டாம். இரண்டையும் சேர்த்து வாங்கவே வேண்டாம்.

மாதம் 1,100 என்றால் மூன்று மாதத்துக்கு 3,300. முதல் கார்டின் இலக்குக்கு 700 குறைகிறது, இரண்டாவதற்கு 2,700. அந்த 700-ஐ எப்படியும் வரப்போகிற செலவை வைத்தே நிரப்பிவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் இன்சூரன்ஸ் பிரீமியம், பிள்ளைகளின் கட்டணம், ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட வாஷிங் மெஷின் என்று ஏதாவது ஒன்று இருக்கும். 2,700-ஐ நிரப்ப வேண்டுமென்றால் தேவையில்லாததையும் வாங்க வேண்டியிருக்கும். அப்படி வாங்கிய பொருளின் விலையையும் “இலவச” டிக்கெட்டின் கணக்கில் சேர்த்துப் பாருங்கள், ஆசை விட்டுப்போகும்.

அதனால் எந்தக் கார்டு என்பதை விட எந்த மாதம் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. உங்கள் பெரிய பில்கள் எப்போது வருகின்றன என்று எழுதிவைத்து, அதற்குச் சில வாரம் முன்னால் விண்ணப்பியுங்கள். இதில் பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. மூன்று மாதக் கெடு பெரும்பாலும் கார்டு கைக்கு வந்த நாளிலிருந்து ஓடுவதில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலேயே ஓட ஆரம்பித்துவிடும். தபாலில் பத்து நாள் போனால் அது உங்கள் நஷ்டம். கடைசி தேதி என்ன என்று வங்கியிடம் சாட்டிலோ மின்னஞ்சலிலோ கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாச் செலவும் கணக்கில் வராது. ஏடிஎம்மில் எடுத்த ரொக்கம், ஆண்டுக் கட்டணம், வட்டி, வேறு கார்டின் பாக்கியை இந்தக் கார்டுக்கு மாற்றியது ஆகியவற்றைப் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள். வாலட்டில் பணம் ஏற்றுவது, வீட்டு வாடகை, வரி போன்றவற்றுக்கு ஒவ்வொரு வங்கியும் ஒரு விதி வைத்திருக்கும். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தொகையும் கழிந்துவிடும். ஆகவே 4,000-ஐத் தொட்டதும் நிறுத்தாமல் நூறு இருநூறு கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். கணவர் அல்லது மனைவிக்கு ஆட்-ஆன் கார்டு (உங்கள் கணக்கிலேயே இன்னொருவர் பெயரில் தரும் கூடுதல் கார்டு) வாங்கினால் அவர் செலவும் பொதுவாக உங்கள் இலக்கில் சேரும்.

வட்டியைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. ஆண்டுக்கு 24 சதவீத வட்டியில் 4,000 பாக்கியை ஆறு மாதம் இழுத்தால் வட்டி மட்டும் ஏறக்குறைய 480. அந்த 60,000 பாயிண்டைச் சாதாரணமாகப் பயன்படுத்தினால் 600 பெறும் என்று வைத்துக்கொண்டால், மிஞ்சுவது 120. மாதாமாதம் முழுத் தொகையையும் கட்ட முடியாதவர்களுக்கு இந்த விளையாட்டு வேண்டாம் என்பேன். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

சரி, 80,000 என்பது 60,000-ஐ விடப் பெரிய எண்தானே? அவை ஒரே பொருளின் இரண்டு அளவுகள் அல்ல. ஒவ்வொன்றின் மதிப்பையும் நீங்களே போட்டுப் பார்க்கலாம். போக நினைக்கும் டிக்கெட்டின் காசு விலை 900 என்று வைப்போம். அதையே 50,000 பாயிண்டும் 100 வரியும் கொடுத்து வாங்கலாம் என்றால் மிச்சம் 800, அதாவது 1,000 பாயிண்டுக்கு 16. அதே பாயிண்டை பில்லில் கழித்துக்கொண்டால் 1,000-க்கு 6 மட்டும் தருகிறார்கள் என்றால் வித்தியாசம் புரியும். வங்கியின் பரிசுப் பொருள் கேட்டலாக்கில் பாயிண்டைக் கொடுத்து மிக்ஸியும் ஹெட்போனும் வாங்குவது பெரும்பாலும் இருப்பதிலேயே மோசமான பயன். இன்னொரு எச்சரிக்கை: நீங்கள் ஒருநாளும் காசு கொடுத்து வாங்காத பிசினஸ் கிளாஸ் விலையை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். எண் பிரமாதமாக வரும், பையில் ஒன்றும் மிஞ்சாது.

வங்கிப் பாயிண்டை நான் விரும்புவதற்குக் காரணம், நல்ல டிராவல் கார்டுகளில் அதைப் பல விமான நிறுவனங்களின் மைல்களாக மாற்றலாம் என்பது. உங்கள் கார்டில் அந்த வசதி உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் என் பதிலும் மாறும். ஒரே நிறுவனத்தின் மைல் என்றால், அவர்கள் ஒருநாள் டிக்கெட்டுக்கான மைல் அளவை ஏற்றிவிட்டால் வேறு வழியில்லை. ஒரு நிறுவனத்தின் மைலில் கூட்டாளி நிறுவனத்தின் விமானத்திலும் ஏறலாம் என்பதையும் மறக்க வேண்டாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைலைக் கொண்டு லுஃப்தான்சாவிலோ ஏர் இந்தியாவிலோ சீட் எடுக்கலாம், மூன்றும் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருப்பதால். ஆனால் சீட் இருக்கிறது என்று திரையில் பார்த்த பிறகே பாயிண்டை மாற்றுங்கள். மாற்றியது பொதுவாக வங்கிக்குத் திரும்பி வராது, மைலுக்குக் காலாவதியும் உண்டு. கிரிஸ்ஃப்ளையரில் மூன்று ஆண்டு. வரியோடு சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணம் எவ்வளவு என்றும் பாருங்கள். சில நிறுவனங்கள் அதைத் தாராளமாகவே போடுகின்றன.

நான்கு பேருக்கு ஒரே விமானத்தில் ரிவார்டு சீட் (பாயிண்டிலோ மைலிலோ எடுக்கும் சீட்) கிடைப்பதுதான் உங்களுக்கு நிஜமான தலைவலி. பல நிறுவனங்கள் ஏறக்குறைய பதினொரு மாதம் முன்பே சீட்டைத் திறக்கின்றன, அதுவும் கொஞ்சமாக. 60,000 பாயிண்ட் நான்கு பேருக்குப் போதவும் போதாது. பாயிண்ட் எட்டுகிற சீட்டைப் பாயிண்டிலும் மற்றதைக் காசிலும் எடுங்கள். ஒவ்வொரு புக்கிங்கிலும் பெரியவர் ஒருவர் இருக்கட்டும், இரண்டையும் இணைத்துக் குறித்துக்கொள்ளும்படி விமான நிறுவனத்திடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால், விமானம் ரத்தாகும்போது ஆளுக்கொரு விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

இரண்டாவது கார்டுக்கு வருவோம். முதல் போனஸ் வந்து சேர்ந்த பிறகு, உங்கள் துணைவர் தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். ஆட்-ஆன் கார்டு வைத்திருப்பதால் அவருக்கு போனஸ் கிடைக்காது என்று சொல்லும் வங்கிகள் குறைவு, இருந்தாலும் விதியைப் படித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பரிந்துரைத்தால் உங்களுக்கும் தனி பாயிண்ட் உண்டா என்று கேளுங்கள். இதில் அவசரப்படாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பல கார்டுகளில் போனஸ் ஒருவருக்கு ஒருமுறைதான். அமெரிக்காவில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு கார்டின் போனஸையும் பொதுவாக வாழ்நாளில் ஒருமுறை என்றே வைத்திருக்கிறது. அப்படியிருக்க, வழக்கமான சலுகையில் அதைச் செலவழிப்பானேன்? அதே கார்டுக்கு முன்பு இதைவிடப் பெரிய போனஸ் வந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்து, வந்திருந்தால் காத்திருங்கள். அடுத்த சில மாதத்தில் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் எந்தக் கார்டும் வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் கிரெடிட் ஸ்கோரைக் கொஞ்சம் இறக்கும்.

இலக்கு முடிந்ததும் அன்றாடச் செலவை எல்லாம் பழக்கத்தில் அதே கார்டில் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். போனஸ் காலத்தில் 4,000-க்கு 60,000, அதாவது செலவழித்த ஒவ்வொரு 1-க்கும் 15 பாயிண்ட் கிடைத்தது. இனி ஒன்றோ இரண்டோதான். போனஸ் வந்ததும் கார்டை மூடிவிடவும் கூடாது, ஓராண்டுக்குள் மூடினால் பாயிண்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வங்கிகள் உண்டு. இரண்டாம் ஆண்டுக் கட்டணம் விழும் தேதியை நாட்காட்டியில் குறித்து, ஒரு மாதம் முன்பே வங்கியைக் கூப்பிட்டு, கட்டணத்தைத் தள்ளுபடி செய்வார்களா, கட்டணமில்லாத கார்டுக்கு மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். இரண்டுக்கும் மறுத்தால் மூடலாம். மூடுவதற்கு முன் மிச்சப் பாயிண்டை விமான நிறுவனத்துக்கு மாற்றிவிடுங்கள், கணக்கு மூடியதும் வங்கிப் பாயிண்ட் அதோடு போய்விடும்.