ஹாலெப் தோற்ற ஆட்டங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெண்கள் டென்னிஸ் பற்றி எழுதியபோது சிமோனா ஹாலெப்பை இந்தத் தலைமுறையின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர் என்று சொல்லியிருந்தீர்கள். ஐந்து கிராண்ட் ஸ்லாம் இறுதிப்போட்டிகளில் மூன்றில் தோற்றவர், கடைசியில் ஊக்கமருந்து வழக்கில் வேறு சிக்கினார். செரீனாவுக்கு முன்னால் இரண்டு பட்டமெல்லாம் ஒரு கணக்கா? பிடித்தவர் என்பதற்காகத் தூக்கிவைத்துப் பேசுகிறீர்களோ என்று தோன்றியது.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் அவருடைய ஆட்டம். ஹாலெப்பின் உயரம் 168 செ.மீ.; 2014 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் எதிரே நின்ற ஷரபோவா 188. சர்வீஸை வைத்தே ஆட்டத்தை முடித்துவிடும் வசதி ஹாலெப்புக்குக் கிடையாது, ஒவ்வொரு புள்ளியையும் ஓடித்தான் எடுக்க வேண்டும். மூலைக்கு அடித்தாயிற்று, அவ்வளவுதான் என்று எதிராளி நிமிர்வதற்குள் பாய்ந்து வந்து, சும்மா திருப்பிப் போடாமல், பேக்ஹேண்டில் கோட்டை ஒட்டி நேராக அனுப்பிவிடுவார்.

ருமேனியாவில் கான்ஸ்டான்ட்சா என்ற கருங்கடல் துறைமுக நகரத்துப் பெண், நான்கு வயதில் மட்டையைப் பிடித்தவர், 2008இல் பிரெஞ்சு ஓப்பன் ஜூனியர் பட்டம் வென்றவர். அவருடைய பெரிய சிக்கல் மனசுதான். இரண்டு புள்ளி போனால் தன்மேலேயே எரிச்சல் வந்துவிடும், ஆட்டத்தைக் கைவிட்டதுபோல ஆடுவார். 2017 மயாமியில் கோன்டாவுக்கு எதிராக அப்படி நடந்ததும் பயிற்சியாளர் டேரன் கேஹில் விலகிப் போய்விட்டார். ஹாலெப் தன்னை மாற்றிக்கொள்ள முயன்றதைப் பார்த்து சில வாரங்களில் திரும்பியும் வந்தார். சரி, உடனே பலன் கிடைத்ததா என்றால் இல்லை. அதே ஆண்டு பாரிஸில், பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் ஒரு செட்டை வென்று, இரண்டாவதில் 3-0 என முன்னால் இருந்தும் இருபது வயது ஓஸ்டாபென்கோவிடம் தோற்றார்.

நான் மதிப்பது இதற்குப் பிறகு வந்த ஹாலெப்பை. அக்டோபரில் உலகின் முதல் இடம், அப்புறம் 2018 மெல்போர்ன், அதாவது ஆஸ்திரேலிய ஓப்பன். முதல் சுற்றிலேயே கணுக்கால் பிசகியது. மூன்றாம் சுற்றில் லாரன் டேவிஸிடம் மூன்று மேட்ச் பாயிண்டுகளை (போனால் ஆட்டமே போய்விடும் புள்ளிகளை) காப்பாற்றி, கடைசி செட்டை 15-13 என முடித்தார். அரையிறுதியில் கெர்பரைக் கடைசி செட்டில் 9-7 என வென்றார். இறுதியில் வோஸ்னியாக்கியிடம் மூன்றாவது செட் 6-4 எனத் தோற்று, உடலில் நீர்ச்சத்து வற்றிப்போய் மருத்துவமனைக்குப் போனார். நீங்கள் எண்ணிய மூன்று தோல்விகளில் இதுவும் ஒன்று! இதை அவருக்கு எதிரான சாட்சியாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான்கே மாதத்தில் பாரிஸ் இறுதி. ஸ்லோன் ஸ்டீபன்ஸிடம் முதல் செட் போய்விட்டது, இரண்டாவதில் 0-2. பழைய ஹாலெப் அங்கேயே முடிந்திருப்பார். இவர் 6-4, 6-1 என அடுத்த இரண்டு செட்டையும் எடுத்தார். செரீனாவைச் சொன்னீர்களே, 24ஆவது கிராண்ட் ஸ்லாம் பட்டத்துக்காக 2019 விம்பிள்டன் இறுதிக்கு வந்த அவரை 6-2, 6-2 என 56 நிமிடத்தில் வென்றதும் இதே ஹாலெப்தான். அந்த ஆட்டம் முழுக்கத் தானாகச் செய்த பிழைகள் மூன்றே மூன்று. விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் ருமேனியாவுக்கு அதுதான் முதல் முறை, அந்த நாட்டின் பழைய நட்சத்திரம் நஸ்டாஸேவே இரண்டு தடவை இறுதியில் தோற்றிருக்கிறார்.

மருந்து விவகாரத்தைச் 'சிக்கினார்' என்ற ஒரு சொல்லோடு விட்டுவிட்டீர்கள். 2022 யுஎஸ் ஓப்பனில் எடுத்த மாதிரியில் ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும் தடைசெய்யப்பட்ட மருந்தான ரோக்ஸாடுஸ்டாட் இருந்தது, 2023 செப்டம்பரில் நான்காண்டுத் தடை வந்தது. ஆனால் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் அதை ஒன்பது மாதமாகக் குறைத்தது. கலப்படமான சத்து மாவு வழியாக அது உடலுக்குள் போயிருக்கலாம் என்ற அவர் தரப்பை ஏற்றது, தொடர்ந்து எடுத்த ரத்தச் சோதனைகளின் பதிவேட்டை வைத்துச் சாட்டிய குற்றத்தைத் தள்ளியது. கவனக்குறைவு அவர் பக்கமும் உண்டு என்றுதான் தீர்ப்பு, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்பது மாதத் தண்டனைக்கு ஒன்றரை ஆண்டு வெளியே உட்கார்ந்தார், அதுவும் முப்பது வயதைத் தாண்டிய பிறகு. திரும்பி வந்தபோது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் குளூஜ் நகரில், சொந்த நாட்டு மக்கள் முன்னால் 6-1, 6-1 எனத் தோற்றதும் மைக்கை வாங்கி ஓய்வை அறிவித்தார்.

நேரம் இருந்தால் அந்தக் கெர்பர் ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். ஹைலைட்ஸ் வேண்டாம், அதில் பந்து எங்கே விழுந்தது என்பதுதான் தெரியும், இவர் எங்கிருந்து ஓடி வந்தார் என்பது தெரியாது. பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.