கடன் தீர்வு நிறுவனம் முன்பணம் கேட்டால்?

கேள்வி: என் பெயரில் மூன்று கிரெடிட் கார்டு கடனும் ஒரு பர்சனல் லோனும் இருக்கின்றன. கணவருக்கு வேலை போனதிலிருந்து கார்டுகளுக்கு மினிமம் டியூ மட்டும்தான் கட்ட முடிகிறது. 'உங்கள் கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம்' என்று ஒரு நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். இனி வங்கிக்கு எதுவும் கட்ட வேண்டாம், அந்தப் பணத்தை மாதாமாதம் எங்களிடம் கட்டுங்கள், வங்கியிலிருந்து போன் வந்தால் எடுக்காதீர்கள் என்கிறார்கள். பதிவுக் கட்டணத்தை முதலிலேயே கட்டிவிட வேண்டுமாம். ஒப்பந்த நகலை இணைத்திருக்கிறேன். நம்பலாமா?

பதில்: வேண்டாம், கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தேன். போனில் 'பாதியாகக் குறைப்போம்' என்றவர்கள், எழுத்தில் 'குறைக்க முயற்சி மேற்கொள்ளப்படும்' என்கிறார்கள். அடுத்த பக்கத்திலேயே 'பதிவுக் கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது' என்று இருக்கிறது. வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவர்களுக்குப் பணம் உறுதி. உங்களுக்கு எதுவுமே உறுதி இல்லை.

இப்படிப்பட்ட நிறுவனங்களை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது, கட்டணம் எவ்வளவு என்பதை அல்ல, எப்போது வாங்குகிறார்கள் என்பதை. அமெரிக்காவில் இந்தத் தொழிலில் ஏமாந்தவர்கள் பெருகியதால், 2010-இல் அங்குள்ள கூட்டாட்சி வர்த்தக ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. தொலைபேசி வழியாக ஆள் பிடிக்கும் கடன் தீர்வு நிறுவனம், ஒரு கடனையாவது பேசி முடித்து, நீங்கள் அதை ஏற்று, அதற்கு ஒரு தவணையாவது கட்டிய பிறகுதான் கட்டணம் வாங்கலாம். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அங்கே இப்படி ஒரு சட்டம் இல்லாவிட்டாலும், இதையே உங்கள் நிபந்தனையாக வையுங்கள். 'வேலை முடிந்ததும் தருகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத நிறுவனத்தோடு மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

'பாதி' என்ற கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். இன்று உங்கள் கடன் 100 என்று வையுங்கள். நீங்கள் கட்டாமல் விடும் மாதங்களில் வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறிக்கொண்டே இருக்கும். பேச்சுவார்த்தை முடியும்போது கடன் 130 ஆகியிருந்தால், அதில் பாதி 65. நிறுவனத்தின் கட்டணம் தொடக்கக் கடனில் 20 சதவீதம் என்றால் இன்னொரு 20. ஆக 85. இதற்கு மேல், சில நாடுகளில் தள்ளுபடியான தொகையை உங்கள் வருமானமாகக் கருதி வரியும் கேட்பார்கள். கடன் அறிக்கையில் 'செட்டில்டு', அதாவது முழுதாகக் கட்டாமல் பேசி முடித்த கடன் என்ற குறிப்பு விழுந்தால், பிறகு வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். இவ்வளவையும் தாங்கி மிஞ்சுவது 15.

வங்கி போனை எடுக்காதே என்று சொன்னார்களே, அதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. நீங்கள் பதில் சொல்லாத அந்த மாதங்களில் வங்கி வழக்குப் போடலாம், கடனை வசூல் நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். அது உங்களுக்குத் தெரியவே தெரியாமல் போகலாம். நேர்மையான ஆலோசகர் யாரும் கடன் கொடுத்தவரிடமிருந்து உங்களை மறைத்து வைக்க மாட்டார்.

அப்படியானால் யாரிடம் போவது? கடனைப் 'பாதியாக்கும்' நிறுவனமும் கடன் ஆலோசனை மையமும் ஒன்றல்ல. ஆலோசனை மையத்தில் முதலில் உங்கள் வரவு செலவை முழுதாகக் கேட்பார்கள். பிறகு வட்டியைக் குறைக்கச் சொல்லி வங்கிகளிடம் பேசி, அசலைச் சில ஆண்டுகளில் கட்டி முடிக்கும்படி ஒரு திட்டம் போட்டுத் தருவார்கள். மலேசியாவில் மத்திய வங்கி 2006-இல் தொடங்கிய ஏகேபிகே என்ற ஆலோசனை அமைப்பு, பிரிட்டனில் ஸ்டெப்சேஞ்ச் அறக்கட்டளை ஆகியவை இந்த உதவியை இலவசமாகவே செய்கின்றன. சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் லாப நோக்கில்லாத ஆலோசனை அமைப்புகள் உண்டு. ஆனால் 'லாப நோக்கில்லாத' என்ற சொல்லை மட்டும் நம்பிவிட வேண்டாம். பதிவு எண்ணை வாங்கி, அரசின் பட்டியலில் நீங்களே சரிபாருங்கள். உங்கள் வரவு செலவைக் கேட்காமல் பத்து நிமிடத்தில் தீர்வு சொல்பவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

இந்தியாவில் இருப்பவர் என்றால் இடைத்தரகரே தேவையில்லாமல் போகலாம். கடனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மீதியை வாங்கிக் கணக்கை முடிக்கும் சமரசத் தீர்வுக்கு வங்கிகள் தங்கள் இயக்குநர் குழு ஒப்புதல் அளித்த கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் அறிவித்தது. ஆகவே நீங்களே நேரடியாகக் கேட்கலாம். வங்கி முறையாகப் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம்.

எந்த நாடாக இருந்தாலும், இந்த வாரமே நான்கு கடன்களுக்கும் தனித்தனியாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கணவருக்கு வேலை போன தேதி, இப்போது வரும் வருமானம், மாதம் உண்மையிலேயே கட்டக்கூடிய தொகை, இந்த மூன்றும் அதில் இருந்தால் போதும். வட்டிக் குறைப்போ தவணை நீட்டிப்போ தர முடியுமா என்று கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால், அதை எழுத்தில் வாங்கிய பிறகே புதிய ஏற்பாட்டின்படி பணம் கட்டுங்கள். வாய்வார்த்தையை நம்பிப் புதிய ஏற்பாட்டுக்கு ஒரு காசுகூடக் கட்ட வேண்டாம்.

பதிவுக் கட்டணத்தை ஏற்கெனவே கார்டில் கட்டிவிட்டீர்கள் என்றால், கார்டு கொடுத்த வங்கியிடம் அந்தப் பரிவர்த்தனையை மறுத்து இன்றே எழுதுங்கள். அதற்குக் கால வரம்பு உண்டு. ஆட்டோ டெபிட்டுக்கு அனுமதி கொடுத்திருந்தால் அதையும் ரத்து செய்துவிடுங்கள்.