நகையை அடகு வைத்து கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், அம்மா

அல்சூரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வான சி.இ.டி. ரேங்கில் மகனுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை என்ற கவலை புரிகிறது. ஆனால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்க்கச் சொல்லும் உங்கள் நாத்தனாரா அந்தப் பணத்தைக் கட்டப்போகிறார்? பையனுக்கு நாட்டமில்லாத படிப்புக்காக நகையை அடகு வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே இல்லை.

கடைத் தராசைப் பிரித்துப் போட்டுவிட்டான் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கோ கடிதத்தில் அந்த ஒரு வரிதான் பிடித்தது! தராசுக்குள் எடையை மின் சிக்னலாக மாற்றும் லோட் செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழு எடை வைத்தாலும் சுமார் 10 மில்லிவோல்ட்தான் வரும். அதுவும் இரண்டு கம்பியிலும் பொதுவாக 2.5 வோல்ட் இருக்க, அதன்மேல் வரும் சின்ன வித்தியாசம். பொதுவானதைத் தள்ளி வித்தியாசத்தை மட்டும் பெருக்குவதுதான் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயர். இ.சி.ஜி. கருவியிலும் இதே வேலைதான். அங்கே சிக்னல் 1 மில்லிவோல்ட் அளவு.

எலக்ட்ரானிக்ஸ் அல்லது இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தால் எடுங்கள். மற்ற வழிகளை நாத்தனாரே சொல்லியிருப்பார், விடுங்கள்.

கல்லூரி திறக்கும்வரை பையன் சும்மா இருக்க வேண்டாம். மின்சுற்றைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் எல்டிஸ்பைஸ் மென்பொருள் இலவசம், அதில் அந்த ஆம்ப்ளிஃபயரை மூன்று ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) வைத்து வரைந்து பார்க்கட்டும். அப்புறம் பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டில் பாகங்கள் வாங்கி, மதிப்பு 1 சதவீதம் வரை விலகக்கூடிய ரெசிஸ்டரில் கட்டட்டும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே புகுந்துவிடும். ஏனென்றால் ரெசிஸ்டர்கள் சரியாகப் பொருந்தாவிட்டால், கடைசிக் கட்டம் பொதுவானதைத் தள்ளும் திறன் மோசமான நிலையில் 34 டெசிபலுக்கு இறங்கிவிடும். 0.1 சதவீதம் போட்டால் அதுவே 54; எண் கூடக் கூட நல்லது. இதைக் கையால் கட்டிப் பார்த்தவன் மறக்க மாட்டான். பிறகு முழு ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாக அடங்கிய ஏடி620 சிப்: 499 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் பெருக்கம் 100. ஆனால் இ.சி.ஜி.யில் அப்படிப் போட்டால் மாட்டிக்கொள்வான். உடம்பில் ஒட்டும் எலக்ட்ரோடே 300 மில்லிவோல்ட் வரை டி.சி. (மாறாத வோல்டேஜ்) தரலாம், அதையும் நூறு மடங்கு பெருக்கப் போய் சிப் தன் எல்லையில் முட்டி நின்றுவிடும். முதலில் குறைவாகப் பெருக்கி, டி.சி.யை வடிகட்டி, அப்புறம்தான் மீதியைப் பெருக்க வேண்டும். ஒரு கண்டிப்பு: உடம்பில் ஒட்டும் சுற்று எதுவும் பேட்டரியில் மட்டுமே ஓட வேண்டும்.

வேலையா? டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985இலேயே பெங்களூருக்கு வந்துவிட்டது. அனலாக் டிவைசஸும் இங்கே இருக்கிறது. மருத்துவக் கருவி, எடைக் கருவி செய்யும் சின்ன கம்பெனிகளுக்கும் இது தெரிந்த ஆள் வேண்டும். முதல் சம்பளம் மென்பொருள்காரர்களைவிடக் குறையலாம், தெரிந்தே இறங்குங்கள்.

விருப்பப் பட்டியலைக் கொடுக்கும் முன் கல்லூரி ஆய்வகத்தைப் போய்ப் பாருங்கள். பாட நேரத்துக்குப் பிறகும் சிக்னலைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பை மாணவர்கள் தொட விடுகிறார்களா என்று சீனியர் பையன்களிடம் கேளுங்கள். பூட்டியே கிடக்கிறது என்றால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.