கிரேக்கர்களின் காதல் தேவியான அஃப்ரோடைட்டி கிரேக்க மண்ணிலேயே தோன்றிய தெய்வமா?

முழுமையாக அவ்வாறு கூற இயலாது. மைசீனியக் கால (கிரேக்கத்தின் வெண்கலக் கால) களிமண் பலகைகளில் சீயஸ், ஹீரா, பொசைடன் ஆகிய கிரேக்கத் தெய்வங்களின் பெயர்கள் காணப்படுகின்றன. அஃப்ரோடைட்டியின் பெயரோ இதுவரை கிடைக்கவில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், இத்தேவியின் கோயில்களுள் மிகப் பழமையானது அஸ்கலோன் நகரில் (இன்றைய இஸ்ரேல் கடற்கரையில்) இருந்தது என்றும், தங்கள் கோயில் அதன் வழியில் வந்ததே என்று சைப்ரஸ் மக்களே சொல்வதாகவும் எழுதியுள்ளார். காதலுக்கும் போருக்கும் ஒருங்கே உரியவளாக மெசொப்பொத்தேமியாவில் வணங்கப்பட்ட இஷ்தார், அவளுக்கு இணையாக, இன்றைய லெபனான் கடற்கரையில் வாழ்ந்த ஃபினீசியர் வணங்கிய அஸ்தார்த்தே ஆகியோரின் சாயல் இவளிடம் தெளிவாகவே உள்ளது. ஸ்பார்ட்டாவிலும் கித்தேரா தீவிலும் இவளுடைய சிலை ஆயுதம் ஏந்தி நின்றது அதனால்தான் என்று கருத இடமுண்டு.

ஆனால் அனைத்தும் கிழக்கிலிருந்து வந்த இரவல் என்று முடிப்பதும் சைப்ரஸுக்குச் செய்யும் அநீதி. அத்தீவின் பாஃபோஸில், கி.மு. 1200 அளவில் எழுப்பப்பட்ட புகழ்பெற்ற கோயிலில், மனித உருவச் சிலைக்குப் பதிலாகக் கூம்பு வடிவக் கல் ஒன்றே ரோமானியர் காலத்திலும் வழிபடப்பட்டது. அத்தீவுக்கே உரிய தொன்மையான தாய்த்தெய்வ வழிபாட்டுடன் கிழக்கத்திய மரபு கலந்து, பின்னர் கிரேக்கர்களிடம் உருப்பெற்றவளே அஃப்ரோடைட்டி என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.